சேதமான பித்தளை உறை: எதை நிமிர்த்துவது, எதை வெட்டுவது, எதைக் கழிப்பது?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்குச் செல்பவர்களில் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் காலிப் பித்தளை உறையைப் பொறுக்கி எடுத்துவந்து, அதில் புதிய ப்ரைமரும் (அடியில் பொருத்தும், அடிபட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) பவுடரும் குண்டும் வைத்து மறுபடியும் தோட்டாவாக்கிக் கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்காக இப்படிச் செய்ய அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால்தான் ஆறாம் வகை உரிமம் வேண்டும். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே இந்தக் கட்டுரை அமெரிக்காவில் சட்டப்படி இந்த வேலையைச் செய்கிறவர்களை, குறிப்பாக அண்மையில்தான் உறையை அச்சுக்குள் அழுத்தும் பிரஸ் என்ற நெம்புகோல் கருவியை வாங்கி மேசையில் பொருத்தியிருக்கும் தமிழ் நண்பர்களை, மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

தோட்டாவின் நான்கு பாகங்களில் திரும்பப் பயன்படுவது உறை ஒன்றே. அதனாலேயே அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வருவதில்லை. வாய், அதாவது குண்டு செருகும் முனை, நசுங்கியதை நிமிர்த்தலாமா, அடி வீங்கியதை அழுத்திச் சரிசெய்யலாமா, விரிசல் விட்ட வாயை வெட்டிவிட்டுக் குட்டை ரகமாக மாற்றலாமா, இவை எதுவும் வேண்டாம், பவுடரைக் குறைத்துப் போட்டு மெதுவான பயிற்சித் தோட்டாவாக ஒப்பேற்றலாமா, அல்லது பேசாமல் பழைய பித்தளை வாளியில் போட்டுவிடலாமா என்று ஐந்து வழிகள் எதிரே நிற்கின்றன. எல்லாச் சேதத்துக்கும் பொருந்தும் ஒரே வழி இவற்றில் எதுவும் இல்லை. சேதம் உறையின் எந்த இடத்தில் இருக்கிறது, உலோகம் வளைந்திருக்கிறதா அல்லது பிரிந்திருக்கிறதா, அந்த ரகத் தோட்டா எவ்வளவு அழுத்தத்தில் வேலை செய்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் உறை என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுடும் கணத்தில் பித்தளை விரிந்து, குழலில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் வராதபடி அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி, எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி இழுத்தவுடன் வெளியே வருகிறது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையை இதற்கென்று தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்த விரிந்து சுருங்கும் குணம்தான். ஆனால் ஒவ்வொரு முறை விரியும்போதும், பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான சைசிங் டையில் அழுத்தப்படும்போதும், குண்டு வைக்க வாயைச் சற்று விரிக்கும்போதும், குண்டைப் பிடிக்க வாயை மறுபடி இறுக்கும்போதும், அதாவது கிரிம்ப் செய்யும்போதும், உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துப் போகிறது. விறைத்த பித்தளை வளைந்து கொடுக்காமல் கிழியும். வாய்ப்பகுதி மெல்லியது, அதிகமாக வேலை வாங்கப்படுவதும் அதுவே. அதனால் கைத்துப்பாக்கி உறைகளில் முதலில் விரிசல் காண்பது பெரும்பாலும் வாயில்தான்.

அழுத்தத்தின் அளவும் ரகத்துக்கு ரகம் வெகுவாக மாறுகிறது. அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் தரநிர்ணய அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்திருக்கும் உச்சவரம்பு .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .45 ஏ.சி.பி.க்கு 21,000 பவுண்டு; 9 மி.மீ. லூகர், .40 எஸ் அண்ட் டபிள்யூ, .357 மேக்னம் மூன்றுக்கும் 35,000, 10 மி.மீ. ஆட்டோவுக்கு 37,500. ஒரே மாதிரியான நசுங்கல் .45 உறையில் பொருட்படுத்தத் தேவையில்லாததாகவும், 10 மி.மீ. உறையில் நம்பக்கூடாததாகவும் ஆவது இந்த வித்தியாசத்தால்தான்.

எளிதான சேதத்திலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் தானியங்கித் துப்பாக்கியிலிருந்து தெறித்து வெளியேறும் உறையின் வாய், முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியான ஸ்லைடிலோ சுவரிலோ பட்டு ஒரு பக்கம் சற்றுத் தட்டையாகியிருப்பது அன்றாடம் காண்பது. இதற்குத் தனி வைத்தியம் எதுவும் தேவையில்லை. கார்பைடு வளையம் பதித்த சாதாரண சைசிங் டையும், அடுத்து வாயை விரிக்கும் டையும் அதை வட்டமாக்கிவிடும். டைக்குள் நுழையாத அளவுக்கு முட்டை வடிவமாகியிருந்தால், கூம்பான ஒரு முனையை உள்ளே விட்டு மெல்லச் சுழற்றி வாயைத் திறந்துகொண்டால் போதும். யாரோ பூட்ஸ் காலால் மிதித்த உறைக்கு மட்டும் கவனம் வேண்டும். மிதிபட்டது வளைந்திருந்தால் பரவாயில்லை, மடிந்திருந்தால் ஆகாது. நசுங்கிய எவர்சில்வர் டம்ளரை எவ்வளவு பக்குவமாக நிமிர்த்தினாலும் மடிந்த கோடு மறையாமல் நிற்குமே, அதே கோடு பித்தளையிலும் நிற்கும். அடுத்த ஒன்றிரண்டு சுற்றில் விரிசல் அந்தக் கோட்டின் வழியாகவே ஓடும். நிமிர்த்திய பிறகு நகத்தை வைத்து வாயின் உள்ளும் புறமும் ஒரு சுற்று வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அது மடிப்பு. அதைக் கழித்துவிடலாம்.

விரிசலைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிடக் காது நம்பகமானது. ஐந்தாறு உறைகளை உள்ளங்கையில் அள்ளி, வாய் மேல்நோக்கி இருக்க, லேசாகக் குலுக்கிப் பாருங்கள். நல்ல உறைகள் ஒன்றோடொன்று மோதும்போது கணீரென்று மணிபோல் ஒலிக்கும். அந்தக் கூட்டத்தில் விரிசல் விட்டது ஒன்று இருந்தால்கூட ஓட்டைத் தகரத்தைத் தட்டியது போன்ற ஒரு மந்தமான சத்தம் இடையில் கேட்கும். மண்பானை வாங்குகிறவர் விரலை மடக்கித் தட்டிப் பார்க்கும் அதே சோதனைதான். பழகிய பிறகு ஒரு வாளி உறையை இப்படிச் சலித்து முடிக்க அதிக நேரம் பிடிப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலும் பெரும்பாலும் இதில் அகப்பட்டுவிடும்.

வாயில் விரிசல் விட்ட உறையால் சுடும்போது உடனடி ஆபத்து பெரும்பாலும் நேர்வதில்லை என்பது உண்மை. உறையின் கீழ்ப்பகுதி சேம்பரை அடைத்துக்கொண்டிருப்பதால், சுட்டவருக்கு எதுவும் தெரியாமலே வாய் கிழிந்து வெளியே விழுந்திருக்கும். இதை வைத்துத்தான் சிலர், ‘கிழிந்ததில் இன்னும் ஒரு சுற்று சுட்டால் என்ன’ என்று கேட்கிறார்கள். கேடு அடுத்த சுற்றில் இருக்கிறது. கிழிந்த வாய் குண்டை இறுக்கிப் பிடிக்காது. தானியங்கித் துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினிலிருந்து தோட்டா மேலேறி, சேம்பருக்குள் இட்டுச்செல்லும் சரிவில் மோதும்போது குண்டு உறைக்குள் பின்வாங்கும். உள்ளே இருக்கும் இடம் குறைந்ததும் அழுத்தம் தாறுமாறாக ஏறும். ஏற்கெனவே 35,000 பவுண்டில் வேலை செய்யும் சின்னஞ்சிறு 9 மி.மீ. உறையில் இந்த ஏற்றத்துக்கு விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ரிவால்வரில் நடப்பது இதற்கு நேர்மாறு. மற்றத் தோட்டாக்கள் வெடிக்கும் உதைப்பில் குண்டு முன்னுக்கு நகர்ந்து சிலிண்டருக்கு வெளியே துருத்தி, சிலிண்டரைச் சுழலவிடாமல் தடுத்துவிடும்.

நான் தொடங்கிய முதல் ஆண்டில் இப்படியொரு தோட்டாவைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். முடித்துப் பெட்டியில் அடுக்கிய 9 மி.மீ. தோட்டாக்களில் ஒன்றை எடுத்து, குண்டின் முனையை மேசை விளிம்பில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினேன். குண்டு அசையாமல் நிற்க வேண்டும். இதுவோ வெண்ணெயில் இறங்குவதுபோல் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே போய்விட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, கிரிம்ப் செய்த வாயின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு பிளவு இருந்தது. சைசிங் டைக்குப் போவதற்கு முன்பு அந்த உறைகளைக் குலுக்கிப் பார்க்காமல் விட்டிருந்தேன். அன்றைக்கு நிரப்பிய அத்தனை தோட்டாவையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்த பிறகுதான் மனம் அடங்கியது. அதிலிருந்து, பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு தொகுப்பிலும் சிலவற்றை அழுத்தி, முன்னும் பின்னும் காலிப்பரால் நீளத்தை அளப்பதை விடாமல் செய்துவருகிறேன்.

விரிசல் விட்ட வாயை வெட்டிவிட்டுக் குட்டை ரகமாக்குவது ரிவால்வர்காரர்களிடம் நெடுநாளாக வழக்கத்தில் இருக்கும் யோசனை. .357 மேக்னம் உறையின் நீளம் 1.290 அங்குலம், .38 ஸ்பெஷலுடையது 1.155. நடுவில் 0.135 அங்குலம், அதாவது ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் வெட்டக் கிடைக்கிறது. .44 மேக்னத்திலிருந்து .44 ஸ்பெஷலுக்கும் இதே கணக்கு பொருந்தும். விரிசல் அந்த எல்லைக்குள் தெளிவாக முடிந்திருந்தால் வெட்டிய உறை பயன்படும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் விரிசலின் முனை அதன் உண்மையான முனை அல்ல. அது இன்னும் சற்றுக் கீழே வரை ஓடியிருக்கும். வெட்டும் கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலேயே விரிசல் நின்றுவிட்ட உறையை மட்டும் நம்ப முடியும் என்றால், கிடைப்பதே மூன்றரை மில்லிமீட்டராக இருக்கும்போது பெரும்பாலான உறைகள் இந்தத் தேர்வில் தேறாது.

இன்னொரு சிக்கல் அடிமுத்திரை. வெட்டிய பிறகும் உறையின் அடியில் .357 மேக்னம் என்றே பொறித்திருக்கும். பிற்காலத்தில் உங்கள் பெட்டி வேறொருவர் கைக்குப் போய், அவர் முத்திரையை நம்பி மேக்னத்துக்குரிய அளவில் பவுடரை நிரப்பினால், குட்டையான உறையில் இடம் குறைவென்பதால் அழுத்தம் அபாயகரமாக ஏறும். அழியாத மையால் அடியில் குறியிட்டுத் தனிப் பெட்டியில் வைப்பவர், .38 ஸ்பெஷலை நிறையச் சுடுபவர், உறையை வெட்டும் ட்ரிம்மரை ஏற்கெனவே வைத்திருப்பவர் என்ற மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் மட்டுமே இந்த வழி வசதிப்படும் என்பது என் கருத்து. நிக்கல் பூசிய உறைகளுக்கு இதை நினைக்கவே வேண்டாம். அவை சாதாரணப் பித்தளையைவிடச் சீக்கிரம் வாய் பிளக்கும், வெட்டிய விளிம்பிலிருந்து உதிரும் பூச்சு டையைக் கீறவும் கூடும்.

வாயைச் சூடாக்கிப் பித்தளையை மறுபடி இளக வைக்கலாமே என்ற கேள்வியும் வரும். ரைபிள் உறைகளின் கழுத்துக்கு இதைச் செய்கிறார்கள். குட்டையான, நேரான கைத்துப்பாக்கி உறையில் சூடு அடிவரை இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. விறைப்போடு இருக்க வேண்டிய அடி இளகினால், முன்பிருந்ததைவிடப் பெரிய கேட்டை நாமே உண்டாக்கியவர்களாவோம். அதோடு ஏற்கெனவே பிளந்ததைச் சூடு ஒட்டவைக்காது. இந்த வழியை இத்துடன் விட்டுவிடலாம்.

இனி அடிப்பக்கத்து வீக்கம். கருவியால் அழுத்திவிட்டால் போதும் என்று சொல்லும் என் நண்பர்கள் சிலருக்கும் எனக்கும் இதில்தான் கருத்து வேறுபாடு. மேகசினிலிருந்து தோட்டா சறுக்கி ஏறுவதற்காகச் சேம்பரின் கீழ்ப்பக்கத்தில் சரிவு வெட்டியிருப்பார்கள். அந்தச் சரிவு எவ்வளவு உள்ளே போகிறதோ அந்த அளவுக்கு உறையின் அடிப்பகுதி பிடிமானம் இல்லாமல் தொங்குகிறது. .40 எஸ் அண்ட் டபிள்யூ ரகத்தில் முந்தைய தலைமுறை க்ளாக் துப்பாக்கிகள் விட்ட இந்த வீக்கம் அமெரிக்காவில் ‘க்ளாக் வீக்கம்’ என்றே பெயர் பெற்றுவிட்டது. சாதாரண சைசிங் டையால் இதைத் தொட முடியாது; உறையைப் பிடித்திருக்கும் ஷெல்ஹோல்டர் குறுக்கே நிற்பதால் டை அடிவரை இறங்குவதில்லை.

இதற்குத் தீர்வாக, உறையை முழுதுமாக ஒரு வளையத்துக்குள் நுழைத்து மறுபக்கம் தள்ளிவிடும் கருவிகள் வந்தன. லீ நிறுவனத்தின் பல்ஜ் பஸ்டர், ரெடிங் நிறுவனத்தின் ஜி-ஆர்எக்ஸ் டை இரண்டும் இந்த வகை. விளிம்பு உடலைவிட அகலமாக இல்லாத .40, 10 மி.மீ., .45 ஏ.சி.பி. போன்ற நேரான உறைகளுக்கு இவை பொருந்தும். விளிம்பு துருத்தியிருக்கும் ரிவால்வர் உறை இதற்குள் நுழையாது. 9 மி.மீ. லூகர் உறை வாயிலிருந்து அடிவரை சற்றே அகன்றுகொண்டு போவதால் அதற்கும் இந்தக் கருவித் தொகுப்பு ஒத்துவராது. மூன்றாவதாக, இரு அச்சுகளுக்கு நடுவே உறையை உருட்டி விளிம்பு, பள்ளம் எல்லாவற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவரும் கேஸ்ப்ரோ, ரோல்சைசர் போன்ற இயந்திரங்கள் இருக்கின்றன. போட்டிகளில் நிறையச் சுடுபவர்களும் உறை விற்பவர்களும் வாங்குவார்கள். வீட்டு மேசைக்கு அவை பெரிய முதலீடு.

கருவி வீக்கத்தின் உருவத்தை மட்டுமே மாற்றுகிறது. இழுபட்டு மெலிந்த உலோகத்துக்குப் பழைய கனத்தை அது திருப்பித் தருவதில்லை. ஒரே சீராக, விரலால் தடவினால் மட்டும் தெரியும் அளவுக்கு லேசாகப் புடைத்திருக்கும் .40 உறையைத் தள்ளு டையில் சரிசெய்து, மிதமான அழுத்தத்தில், சேம்பர் முழுதாகத் தாங்கும் குழலில் சுடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூர்மையான விளிம்போடு பிறை வடிவில் புடைத்திருக்கும் உறை அப்படியல்ல. சிரித்த வாய் போல இருப்பதால் அதை அமெரிக்கர்கள் ‘சிரிப்பு’ என்கிறார்கள். அந்தப் பிறையின் விளிம்பில் உலோகம் ஏறக்குறைய கிழியும் நிலைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. தள்ளு டை அதைத் தேய்த்துக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அடுத்த முறை அதே இடம் சரிவுக்கு நேராக வந்து அமர்ந்தால் அடி வெடித்து, வாயு மேகசின் வழியாகக் கீழே பாயும். கைப்பிடி உடைவதும் விரல்கள் காயப்படுவதும் அப்படி நேர்பவையே. 10 மி.மீ. உறையில் லேசான வீக்கத்தையும்கூட நான் சரிசெய்வதில்லை. அந்த அழுத்தத்துக்கு அது ஈடுகொடுக்கும் என்று சொல்ல என்னிடம் எந்தச் சோதனையும் இல்லை.

அடியைச் சார்ந்த மற்றச் சேதங்களுக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. ப்ரைமர் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தக் குழி தளர்ந்துவிட்டது. வாயு ப்ரைமரைச் சுற்றிக் கசிந்து துப்பாக்கியில் உறையின் அடி சாய்ந்திருக்கும் உலோகப் பரப்பை அரிக்கும், எனவே கழிக்க வேண்டும். அடியில் எந்த விரிசலும் மன்னிக்கத்தக்கதல்ல. எக்ஸ்ட்ராக்டர் கடித்துச் சொரசொரப்பான விளிம்பை மட்டும் மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து ஷெல்ஹோல்டரில் நுழைத்துக்கொள்ளலாம். உள்ளே படிக்கட்டு போல ஒரு வளையம் வைத்துத் தயாரித்த 9 மி.மீ. உறைகள் சில சந்தையில் உண்டு. அந்தப் படியில் உடைந்து அடி தனியே வந்துவிடும் வழக்கம் அவற்றுக்கு இருப்பதால், சேதமே தெரியாவிட்டாலும் வெளிச்சத்தில் உள்ளே பார்த்து ஒதுக்கிவிடுவது நல்லது.

களிம்பும் நிறமாற்றமும் குறித்து நம்மவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து அப்படியே விட்டால் பித்தளை செம்பு நிறமாகத் தெரியும் அல்லவா, சிட்ரிக் அமிலத்தில் நெடுநேரம் ஊறிய உறையும் அப்படித்தான் சிவக்கிறது. மேற்பரப்புத் துத்தநாகம் கரைந்ததன் அடையாளம் அது. மேலோட்டமாக இருந்தால் கேடில்லை. பழுப்பேறிய உறையும் நல்ல உறையே. பச்சைக் களிம்பைத் துடைத்த பிறகு அடியில் குழிகுழியாக அரித்திருந்தால் மட்டும் வேண்டாம். அம்மோனியா பட்டதை எந்த நிலையிலும் நம்பாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்புவிட்டன. ‘பருவ விரிசல்’ என்று அதற்குப் பெயரே வந்தது. குதிரை லாயங்களில் சேமித்தபோது, குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றோடு கலந்து, தயாரிப்பின்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையோடு சேர்ந்து அதைப் பிளந்தது என்பது 1921இல் விளக்கப்பட்டது. நூறாண்டுக்கு முன் நம் மண்ணில் கிடைத்த இந்தப் பாடத்தை மறந்து, பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் போடுபவர்களை இன்றும் பார்க்கிறேன். உறைக்குப் பளபளப்பு தேவையே இல்லை, அழுக்கு போனால் போதும்.

பவுடரைக் குறைத்து ஒப்பேற்றும் வழியை நான் ஏற்கவில்லை. குண்டைப் பிடிக்காத வாய், பவுடர் குறைவானாலும் குண்டைப் பிடிக்கப்போவதில்லை. தளர்ந்த ப்ரைமர் குழியும் இறுகப்போவதில்லை. வேறொரு விதத்தில் மட்டும் இந்த யோசனைக்கு இடம் இருக்கிறது. சில போட்டிகளில் கீழே விழுந்த உறையைப் போட்டியாளர் பொறுக்கக் கூடாது. கறையேறியும் கீறல் விழுந்தும் வயதாகியும், ஆனால் எங்கும் பிளக்காமல் இருக்கும் உறைகளைச் சேர்த்துவைத்து அங்கே கடைசி முறையாகச் சுட்டுவிட்டு வரலாம்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒருமுறை சுட்ட 9 மி.மீ. உறை அமெரிக்காவில் சில சென்ட்டுகளுக்குக் கிடைக்கும் பொருள். அதை நிமிர்த்தச் செலவிடும் இரண்டு நிமிடமும் அதற்குள் போகும் குண்டும் ப்ரைமரும் அந்த உறையைவிட விலை கூடியவை. .45 ஏ.சி.பி.யும் .38 ஸ்பெஷலும் குறைந்த அழுத்தத்தால் நெடுங்காலம் உழைப்பவை என்பதால், வாய் நசுங்கிய ஒன்றை நிமிர்த்துவதில் பொருள் உண்டு. .455 வெப்லி, 7.65 பாராபெல்லம் போன்று கடையில் எளிதில் கிடைக்காத ரகம் வைத்திருப்பவருக்குக் கணக்கே மாறும். அவர் ஒவ்வொரு உறைக்கும் பத்து நிமிடம் செலவிட்டு வாயைத் திறந்து பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொறுமையைத்தான் அவர் கூட்டிக்கொள்ளலாம், கழிக்கும் அளவுகோலைத் தளர்த்த அவருக்கும் வழியில்லை. அரிய ரகத்தின் பிளந்த அடியும் பிளந்த அடிதான்.

கழிப்பதென்று முடிவானதைக் குறடால் வாயை நசுக்கிவிட்டே வாளியில் போடுங்கள். நசுக்காமல் போட்டது இன்னொரு நாள், இன்னொரு கூட்டத்தோடு சேர்ந்து மேசைக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாளி நிறைந்ததும், சுடப்படாத தோட்டா ஒன்றுகூட அதற்குள் கலந்திருக்கவில்லை என்பதைக் கொட்டிப் பார்த்து உறுதிசெய்த பிறகு பழைய உலோகக் கடைக்குக் கொண்டுபோகலாம். சுட்ட ப்ரைமரை நீக்கினால்தான் எடுப்போம் என்று சொல்லும் கடைகளும் இருப்பதால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. ப்ரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. உறை தரம் பிரித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்காதீர்கள், வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அந்த மேசைப் பக்கம் வரவிடாதீர்கள்.